கரையில் ஓடும், கடலில் நிற்கும்

பாறசாலையில் கடல் இல்லை. ரயில் நிலையம் உண்டு, மகாதேவர் கோயில் உண்டு, நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் களியக்காவிளையும் தமிழ்நாடும் உண்டு. கடல் வேண்டுமென்றால் தென்மேற்கே பொழியூருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். அதற்கு அடுத்த கரை நீரோடி. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. கோடு விழுந்தது இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவில்தான். இங்குள்ள மீனவர்களின் பேச்சை வைத்து அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தமிழில் தொடங்கும் வாக்கியம் மலையாளத்தில் முடியும். எஞ்சினைத் திட்டும்போது இரண்டும் கலந்தே வரும்.

திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. கரையை ஒட்டிய தகரக் கொட்டகை ஒன்றில், பாதியாக வெட்டிய நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் ஒரு அவுட்போர்டு எஞ்சினை மாட்டியிருக்கிறார்கள். கொண்டுவந்த இளைஞரின் முகத்தில் இரண்டு நாள் தூக்கமில்லை.

"ஆசானே, கரையில ஓடுது. கடல்ல போனா நிக்குது. அரை மணிக்கூர் கழிஞ்சு இழுத்தா பின்னயும் ஓடுது."

மெக்கானிக் எஞ்சினைத் தொடவில்லை. "டப்புன்னு நின்னுதா, இருமி இருமி நின்னுதா?"

பாதி வைத்தியம் இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தாலோ கார்புரேட்டர் அடைத்திருந்தாலோ எஞ்சின் திணறித் திணறித்தான் அடங்கும். சுவிட்சை அணைத்தது போல் சட்டென்று நின்றால் கோளாறு பெரும்பாலும் மின்சாரத்தில். இரண்டு சிலிண்டர்களில் ஒன்று மட்டும் செத்தால் அதன் பிளக்கையோ ஒயரையோ சந்தேகிக்கலாம். இரண்டும் ஒன்றாகச் செத்தால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் தேட வேண்டும்.

பாய் விரித்துப் போன கட்டுமரக் கரைகளில் 1980களில்தான் இந்த எஞ்சின்கள் பெருகின. பெட்ரோலில் உயிர்பெற்று, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும் ரகம். பெரும்பாலானவற்றில் பேட்டரி கிடையாது. சுழலும் சக்கரத்தின் காந்தம் காயிலில் மின்சாரத்தை எழுப்ப, அதைச் சேர்த்துவைத்துக் குறித்த கணத்தில் இக்னிஷன் காயிலுக்கு அனுப்புகிறது சிடிஐ என்ற கறுப்புப் பெட்டி. பெட்டிக்குள் பிசின் ஊற்றி மூடியிருப்பதால் திறந்து பார்க்க முடியாது. அதனாலேயே எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது.

இந்த இளைஞருக்கும் அதுதான் நடந்தது. வேறொரு இடத்தில் பிளக்குகளை மாற்றினார்கள், பிறகு சிடிஐ-யை மாற்றினார்கள். பல ஆயிரம் ரூபாய் போயிற்று. எஞ்சின் அதே இடத்தில் நின்றது. மின்சாமானை விற்றால் கடைக்காரர்கள் பொதுவாகத் திரும்ப வாங்குவதில்லை.

முழுசாகச் செத்த எஞ்சினைச் சரிசெய்வது சுலபம். செத்துச் செத்துப் பிழைக்கும் எஞ்சின்தான் ஆளை அலைக்கழிக்கும். மெக்கானிக் முன்னால் அது நல்ல பிள்ளையாக ஓடிக்காட்டும். குளிர்ந்த காயிலில் மீட்டர் வைத்தால் சரியென்றே காட்டும். சூட்டில் விரியும்போதுதான் உள்ளே முறிந்த இழை விலகும். ஆகவே ஓட்டிச் சூடேற்றி, ஆறுவதற்குள் அளக்க வேண்டும். வெளியே பளபளப்பாக இருக்கும் ஒயரின் ரப்பரைக் கீறினால் உள்ளே செம்பு பச்சைக் களிம்பேறிக் கிடக்கும். உப்புக்காற்றின் வேலை. பிளக்குக்குப் போகும் ஒயரில் கசிவு இருந்தால் இருட்டில் பார்க்க வேண்டும். நீலப் பொறி தானே காட்டிக்கொடுக்கும்.

இன்று மெக்கானிக் முதலில் கழற்றியது ஸ்டாப் பட்டனின் ஒயரை. அந்தப் பட்டனை அழுத்தினால் சிடிஐ-யின் மின்சாரம் எர்த்துக்குப் போய் எஞ்சின் நிற்கும். ஒயர் தேய்ந்து உலோகத்தில் உரசினாலும் அதே விளைவுதான், யாரும் அழுத்தாமலே. அதைக் கழற்றிவிட்டால் பட்டனால் நிறுத்த முடியாது; சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். சோதனைக்கு மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

முக்கால் மணி நேரம் எஞ்சின் இரைந்தது. நிற்கவில்லை. ஒயரை மறுபடி மாட்டிக் கைப்பிடியை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினார். டப்!

கைப்பிடி திரும்பும் இடத்தில் ஒரு அங்குலம் ஒயர் தோலுரிந்து கிடந்தது. டிரம்மில் எஞ்சின் நேராக நிற்கும். கைப்பிடியை யாரும் திருப்புவதில்லை. கடலில் அலைக்கு அலை திருப்ப வேண்டும். கரையில் ஓடியதற்கும் கடலில் நின்றதற்கும் இதுதான் காரணம். புது ஒயருக்கு ஆன செலவு, இரண்டு பேர் டீ குடிக்கும் காசு.

இளைஞர் சிரிக்கவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்தக் கடலில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பதை விழிஞ்ஞம் முதல் தூத்தூர் வரை எந்த வீட்டிலும் விளக்க வேண்டியதில்லை. எஞ்சின் நின்ற வள்ளம் காற்று தள்ளும் திசையில்தான் போகும். எஞ்சின் மறுபடி பிடிக்குமா என்று தெரியாமல் கழியும் அரை மணி நேரத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. "அப்பன் துடுப்பு வச்சுக்கச் சொல்லும். நான் கேக்கல்ல" என்றதோடு சரி.

கூலியை வாங்க மெக்கானிக் மறுத்தார். "நாளைக்கு. கடல்ல ஓடட்டும்."

நான்கு மணிக்கு எஞ்சினைக் கம்பில் கட்டி இருவரும் தோள்கொடுத்து மணலில் இறங்கினார்கள். மெக்கானிக்கின் சட்டைப்பையில் ஒரு பிளக் ஸ்பானர். வள்ளத்தில், வலைக்கு அடியில், ஒரு துடுப்பு கிடந்தது.