சாவி கொடுத்த கடிகாரம்

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை ஓசூர் எங்கள் தருமபுரி மாவட்டத்து ஊர். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன் அங்கேதான் ஆலை போட்டது. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வந்ததும், மாப்பிள்ளைக்கு எடுக்கிற வாட்ச் என்றாலே டைட்டன் என்றாகிவிட்டது. ஊருக்குப் பெருமை, எனக்கும்தான். ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொள்வது அதற்கு முந்தைய வாட்சுக்கு.

அப்பா கட்டியிருந்தது எச்.எம்.டி. ஜனதா. காலையில் குளித்துவிட்டு வந்ததும் சாவி கொடுப்பார். திருகு கரகரவென்று சுற்றும், இறுகியதும் விட்டுவிடுவார். ரேடியோவில் செய்தி தொடங்கும்போது முள்ளைச் சரிபார்ப்பார். அதைக் காதில் வைத்துக் கேட்பது எனக்குப் பிடிக்கும். நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். குவார்ட்ஸ் நொடிக்கு ஒருமுறைதான் நகர்கிறது. அந்த ஓட்டத்துக்குப் பழகிய காதுக்கு இது போதவில்லை.

இப்போது பழைய ஜனதாக்களைத் தேடித்தேடி வாங்குகிறேன். எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் வாட்ச் ஆலை தொடங்கியது. பின்மூடியைத் திறந்தால் அந்த உறவு அப்படியே தெரியும். உள்ளே 0231 மெஷின், சிவப்புக் கற்கள், கீழே விழுந்தாலும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முறியாமல் தாங்கும் சின்னஞ்சிறு வில். டயலில் ‘பாரா ஷாக்’ என்று போட்டிருப்பது அந்த அமைப்பைத்தான். பெயரே சிட்டிசன் வைத்தது. விற்பனைக்கு வருவதில் பல, டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்தவை. எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும், நிமிடக் கோடுகள் முள்ளோடு பொருந்தாது, நிறம் கண்ணைப் பறிக்கும். எனக்கு வேண்டியது வியர்வை இறங்கி மஞ்சளேறிய வெள்ளை டயல். யாரோ ஒருவர் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கட்டிப்போன வாட்ச் அது.

2016-இல் மத்திய அரசு எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட முடிவெடுத்தது. அதைவிட வலிக்கிறது, சாவி வாட்ச் பார்க்கத் தெரிந்த கைகள் குறைந்துபோனது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, சிக்கிய ஹேர்ஸ்பிரிங்கை மூச்சுப்படாமல் இடுக்கி முனையால் பிரித்துவிடுவார்கள். பேட்டரி மாற்றும் கடைகளில் ஜனதாவை நீட்டினால், “பார்ட்ஸ் வர்றதில்லீங்க” என்று திருப்பித் தருகிறார்கள். ஹேர்ஸ்பிரிங் சிக்கிய ஒன்றை வைத்துக்கொண்டு, சேலத்திலாவது பழைய ஆள் யாரும் உட்கார்ந்திருக்கிறாரா என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.