வேகஸும் அப்பாயியும்

காது குடைந்தால் எனக்கு இருமல் வரும். எல்லோருக்கும் வராதாம், சிலருக்குத்தான்.

செந்துறைப் பக்கம் அப்பாயி வீட்டுத் திண்ணை. கோழி இறகை நுனியில் கொஞ்சம் தூவி மட்டும் விட்டு உருவிக்கொண்டு, என் தலையை மடியில் சாய்த்து, காதுக்குள் விட்டு மெல்லச் சுழற்றுவாள். கண் சொக்கும். சரியாக அப்போதுதான் 'லொக்' என்று ஓர் இருமல். "காதுல வுட்டா தொண்டையில ஏன்டா இருமுற? கொழுப்பு!" முதுகில் ஒன்று விழும். வேண்டுமென்று இருமவில்லை என்று எத்தனை சத்தியம் செய்தும் கடைசிவரை அவள் நம்பவில்லை.

எனக்கான சாட்சி, அவள் போன பிறகு ஓர் உடற்கூறியல் புத்தகத்தில் அகப்பட்டது. மூளையிலிருந்து இறங்கும் 10-ஆவது நரம்பு, வேகஸ். அதன் ஒரு கிளை காதுத் துளைக்கு, இன்னொன்று குரல்வளைக்கு. இறகு பட்ட இடம் எதுவென்று மூளை ஏமாந்துபோகிறது. லத்தீனில் வேகஸ் என்றால் ஊர்சுற்றி. நுரையீரல், இதயம், இரைப்பை, பெருங்குடலின் பெரும்பகுதி என்று அது சுற்றாத இடமில்லை. பெயரில் வேகம், பார்ப்பதோ இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வேலை.

கண்மணியைச் சுருக்கும் 3-ஆவது மூளை நரம்பு, கண்ணீரும் எச்சிலும் சுரக்கவைக்கும் 7, 9, முதுகெலும்பின் அடியில் திருவெலும்பிலிருந்து வரும் 2, 3, 4-ஆவது நரம்புகள் ஆகியவை வேகஸின் பங்காளிகள். இந்தக் குடும்பத்துக்குத் தமிழில் வைத்த பெயர்தான் எனக்கு ஆறவில்லை: எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம். நாய் துரத்தும்போது நெஞ்சைப் படபடக்கவைப்பது 'பரிவு'. மடியில் கண் சொக்கவைப்பது அதற்கு எதிரியா? 1905-இல் உடலியலாளர் லாங்லி வைத்த 'பாராசிம்பதெடிக்' என்ற பெயரில் 'பாரா' என்பதற்குப் பக்கத்தில் என்றுதான் பொருள். 'இணைப்பரிவு' என்பவர்கள் பக்கம் நான்.

வேகஸின் இடப்பக்கக் கிளை ஒன்று, குரல்வளைக்குப் போக நெஞ்சுவரை இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறுகிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குத் திருச்சி வழியாகப் போவதுபோல. மீனாக இருந்த காலத்தில் அது நேர்வழிதான். பிறகு கழுத்து முளைத்தது, இதயம் கீழே போனது. நரம்பு பழைய தடத்தை விடவில்லை.

எங்கள் பக்கத்து மண்ணும் அப்படித்தான், பழசை விடாது. சாத்தனூரில் 18 மீட்டர் மரம் கல்லாய்க் கிடக்கிறது. அப்பாயி கொல்லையில் கிளிஞ்சல் பதிந்த கற்கள். "இங்க கடல் இருந்துச்சுடா" என்பாள்.

10 கோடி வருஷத்துக் கடலை நம்பியவள், என் இருமலை நம்பவில்லை.