கொக்கிக்கு முன் வெப்ப மீற்றர்

திருகோணமலைத் துறைமுகம் உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றிருந்தாலும், மாவட்டத்தின் மீன்பிடிப் படகுகளுள் மிகப் பல அந்த ஆழத்தை நம்பி வாழ்பவை அல்ல. அவை மணலிலிருந்து இறங்கி மணலுக்கே ஏறுபவை. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என வடக்கே நீளும் கரையிலும், கொட்டியார்க் குடாவைச் சூழ்ந்த கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளிலும், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் கரையேற்றப்பட்டு வாடிகளின் அருகே நிறுத்தப்படுகின்றன. வாடைக்காற்று மூண்டு மாரி பிறக்கும்போதும், 2020 டிசெம்பரில் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் அண்மையில் கரை கடந்த புரெவியைப் போன்ற புயல் வரும்போதும், அவற்றை இன்னும் உள்ளே கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. தோள்களும் உழவு இயந்திரமும் செய்துவந்த இவ்வேலைக்கு ஜீப்பையும் பயன்படுத்த எண்ணும் ஒருவர் முதலில் வாங்குவது இழுவைக் கொக்கியைத்தான். பிராடோ, மொண்டேரோ போன்ற வண்டிகள் எல்லாவற்றுக்கும் இங்கு ஜீப் என்பதே பெயர்.

அந்த வரிசை தவறானது; கொக்கிக்கு முன் வாங்க வேண்டியது கியர் ஒயிலின் சூட்டைக் காட்டும் மீற்றர். கொக்கி, வண்டியிடம் கேட்கப்படும் வேலையைக் கூட்டுகிறதே தவிர, அவ்வேலையை வண்டி எத்தகைய சூட்டைத் தாங்கிக்கொண்டு செய்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஒட்டோ கியர் வண்டியில் எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையே, மிதிக்கும் கிளச்சுக்குப் பதிலாக, டோர்க் கொன்வேட்டர் என்னும் கியர் ஒயில் நிறைந்த உருண்டைப் பாத்திரம் இருக்கிறது. எஞ்சினால் சுழலும் விசிறி ஒன்று அதனுள் ஒயிலை வீச, அந்த ஒயில் எதிரேயுள்ள மற்றொரு விசிறியைச் சுழற்ற, விசை சில்லுகளைச் சென்றடைகிறது. கந்தளாய் வீதியில் சீராக ஓடும் வண்டியில் இரு விசிறிகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழல்வதாலும், அவற்றை இறுகப் பிணைக்கும் உட்பூட்டு ஒன்று சேர்ந்துகொள்வதாலும் சூடு அடங்கியிருக்கும். மணலில் படகை இழுக்கும்போதோ முதல் விசிறி விரைந்து சுழல, இரண்டாவது ஏறத்தாழ நின்ற நிலையில் திணற, எஞ்சினின் ஆற்றலில் பெரும்பகுதி ஒயிலைக் கலக்கிச் சூடாக்குவதிலேயே தீர்ந்துபோகிறது; வண்டி ஊர்ந்து செல்வதால் எதிர்க்காற்றின் உதவியும் கிடைப்பதில்லை. அப்போதும் டாஷ்போர்ட்டில் உள்ள சூட்டு முள் நடுவிலேயே நிற்கக்கூடும், ஏனெனில் அது எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரை அளப்பது, கியர் ஒயிலை அன்று.

வழக்கமான ஓட்டத்தில் இந்த ஒயில் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை இருக்கும். 120 பாகையைத் தாண்டி நீடித்தால் ரப்பர் சீல்கள் இறுகத் தொடங்கும், ஒயில் கறுத்து வார்னிஷ் போல் படியும். 150ஐ நெருங்கினால் உள்ளேயுள்ள கிளச்சுத் தட்டுகள் வழுக்கிக் கருகும். 80 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்துப் பதினொரு பாகைக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகும் என்று கராஜ்களில் வழங்கும் கணக்கு துல்லியமான விதி அன்று என்றாலும், கேடு எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதை அது உள்ளபடி உணர்த்துகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறக்கப்பட்ட வாகன இறக்குமதியைக் கண்ட நாட்டில், பழைய வண்டியின் கியர் பொக்ஸ் எளிதில் மாற்றிவிடக்கூடிய பொருள் அன்று.

மீற்றரின் உணரி, சூடு ஏறும்போது மின்தடை குறையும் சிறு பித்தளைத் திருகு. அதைக் கியர் பொக்ஸின் அடித்தட்டில் பொருத்தலாம். அங்கே ஒயில் மொத்தத்தின் சராசரிச் சூடு தெரியும். கியர் பொக்ஸிலிருந்து, ஒயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் குழாயிலும் பொருத்தலாம்; டோர்க் கொன்வேட்டரிலிருந்து வெளிவரும் கொதிப்பு அங்கே உடனே தெரியும். தொலைதூரம் ஓடும் வண்டிக்கு அடித்தட்டே போதும் என்றாலும், சில நிமிடங்களில் எல்லாம் நடந்து முடியும் கடற்கரை வேலைக்குக் குழாயே பொருத்தமான இடம். ஒற்றை வயர் உணரி தன் புரியின் வழியாகவே வண்டியின் உடலோடு மின்தொடர்பு கொள்வதால், கசிவுக்கு அஞ்சி வெள்ளை நாடாவைத் தடிப்பாகச் சுற்றினால் தொடர்பு கெட்டு, மீற்றர் உண்மையைவிடக் குறைந்த சூட்டைக் காட்டும். இது மீற்றரே இல்லாததைவிடக் கொடியது. மற்றபடி சாவி திருப்பும்போது உயிர்பெறும் வயரிலிருந்து பியூஸ் வைத்து மின்சாரம் எடுப்பதும், இணைப்புகளை உப்புக்காற்று புகாமல் மூடுவதும் எந்த மின்வேலையாளுக்கும் தெரிந்தவை.

முள் 120ஐத் தொட்டால் இழுப்பதை நிறுத்த வேண்டும், ஆனால் எஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் ஒயிலைக் கூலருக்குத் தள்ளும் பம்பும் நின்றுவிடும். நியூட்ரலில் வைத்துச் சற்றே வேகம் கூட்டி ஓடவிட்டால் சூடு இறங்கும். தொடக்கத்திலேயே நாற்சில்லு இயக்கத்தின் தாழ்ந்த கியரைப் பயன்படுத்துவதும், ரயர்களின் காற்றைக் குறைத்து மணலில் அகலமாகப் பதியவிடுவதும் அந்நிலை வராமலே காக்கும்.

கொக்கியைப் பொறுத்தவரை, அதைத் தாங்க வேண்டியது வண்டியின் செசிச் சட்டம், பம்பர் அன்று. இதற்குத் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்த போல்ட்டுகளே ஏற்றவை. உப்புக் கடற்கரையில் துருவுக்கு அஞ்சுவோர் சில்வர் நிறத் துருப்பிடிக்காத போல்ட்டைத் தேடுவது இயல்பே. ஆனால் கடைகளில் கிடைக்கும் அவ்வகை பெரும்பாலும் 8.8ஐவிட வலுக்குறைந்தது, போதாததற்கு உப்புநீர் படும் இடத்தில் தன்னைச் சுற்றியுள்ள சட்டத்தை அரிக்கவும் செய்யும். ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளின் அடியில் காணப்படும் மெல்லிய வளையங்களும் பலரை ஏமாற்றுகின்றன. கப்பலில் வண்டி அசையாதிருக்கக் கட்டுவதற்காக வைக்கப்பட்டவை அவை. மணலில் புதைந்த பாரத்தை இழுக்கத் தகுந்தவை அல்ல. ரெயிலரைப் பூட்டும் உருண்டைக் குமிழில் கயிற்றை மாட்டுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனெனில் அது முறிந்தால் இழுபட்ட கயிறு அந்த இரும்பைச் சன்னம்போல் எறியும். வேறு நாடுகளில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

கியர் ஒயிலின் சூட்டைக் காட்ட மீற்றர் உண்டு. கயிற்றில் ஏறும் இறுக்கத்தைக் காட்ட இந்த வண்டிகளில் எதுவும் இல்லை. ஆகவே படகு ஏறும் நேரத்தில் கரையில் கூடும் சிறுவர்களையும் மற்றோரையும், கயிற்றின் முழு நீளத்தைவிடக் கூடிய தூரத்தில், அதன் நேர்கோட்டிலிருந்து விலக்கி நிறுத்திய பிறகே ஓட்டுநர் அக்சிலேற்றரில் கால் வைக்க வேண்டும்.