டிஎன் 55, ஸ்டிக்கர் வண்டி, உப்புத்தண்ணீர்

கார் மேல் படலம் ஒட்டுவதைக் கடைக்காரர் ‘ராப்பிங்’ என்கிறார், ஊர் ஸ்டிக்கர் என்கிறது. பொருள் பி.வி.சி. படலம்தான், அதாவது வினைல். கனம் சுமார் 80 முதல் 100 மைக்ரான். பெயின்ட்டைக் காக்கும் பி.பி.எஃப். வேறு சரக்கு: பாலியூரித்தேன், இதைவிடத் தடிமன். லேசான கீறல் வெயில் சூட்டில் தானே ஆறிவிடும் என்பது அதற்குச் சொன்னது. வினைலில் விழுந்த கீறல் விழுந்ததுதான்.

*

வினைலை வளைய வைப்பது அதில் கலந்திருக்கும் இளக்கி. வெயிலும் புற ஊதாக் கதிரும் அதை ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்துவிடும். பிறகு படலம் சுருங்கும், ஓரம் தூக்கும், வெடிக்கும். முதலில் போவது பானெட்டும் கூரையும். படுத்துக்கிடக்கும் பரப்புக்குக் கம்பெனிகள் உத்தரவாதக் காலத்தைக் குறைத்தே தருவது அதனால்தான். கத்திரி வெயிலில் கறுப்பு வண்டியின் பானெட்டில் கை வைத்துப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

*

டிஎன் 55, அதாவது நம் புதுக்கோட்டையின் செம்மண் புழுதி பார்வைக்கு மாவு மாதிரி இருக்கும். உள்ளே பொடிக்கல் உண்டு. காலையில் பழைய பனியனை எடுத்து வண்டியை வறட்டுத்துடைப்பு துடைப்பது நம் டிரைவர்களின் பூஜை. ஸ்டிக்கர் வண்டிக்கு அதுதான் முதல் எதிரி. பெயின்ட் என்றால் பாலிஷ் போட்டுக் கீறலை ஓரளவு எடுக்கலாம். படலத்தில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. மேட் படலம் என்றால் மெழுகு, பாலிஷ் இரண்டும் கூடாது. அங்கங்கே திட்டுத்திட்டாகப் பளபளக்கும்.

முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழே ஓடவிட்டுப் புழுதியை இறக்க வேண்டும். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணி அலசத் தண்ணீர். மைக்ரோஃபைபர் துணி. ஷாம்பு காருக்கென்று விற்கும் காரமில்லாத வகை. பாத்திரம் துலக்கும் பவுடர் வேண்டாம். சக்கரத்துக்கும் அடிப்பாகத்துக்கும் தனித் துணி.

*

நேரம்: வெயில் ஏறுமுன், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்து தகடு ஆறிய பிறகு. சுடும் தகட்டில் ஊற்றிய தண்ணீர் துடைப்பதற்குள் காய்ந்துவிடும். தண்ணீர் போகும், உப்பு நிற்கும்.

*

இந்த உப்புதான் பெரிய தலைவலி. போர் தண்ணீர் பல இடங்களில் கடினம். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரைப் பிடித்து வண்டி கழுவும் சிக்கனக்காரர்கள் உண்டு. சிக்கனம் நல்லது, ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு வந்ததைவிடக் கூடுதல். கடைசி அலசலுக்கு அது ஆகாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. வாளி வைத்துப் பிடித்தால் கடைசித் துடைப்புக்குப் போதும். 2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர்த் தொட்டி உங்கள் வீட்டில் இன்னும் வேலை செய்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

வெள்ளைப் புள்ளி விழுந்துவிட்டால், தண்ணீர் நிறையக் கலந்த வினிகரைத் துணியில் தொட்டு ஒற்றி, உடனே அலசிவிடலாம். முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள்.

*

விராலிமலைப் பக்கம் வண்டியை நிறுத்தினால் மயில் எச்சம். மற்ற ஊர்களில் காக்கா. நிழல் தேடிப் புளியமரத்தடியில் விட்டாலும் இது வரும். அப்படியும் வெயிலைவிட மரத்தடி மேல் என்பதே என் கட்சி. எச்சம் அமிலம், வெயிலில் வெந்தால் கறை இறங்கிவிடும். சுரண்டக் கூடாது. ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு, தூக்கி எடுக்க வேண்டும். பெட்ரோல் போடும்போது மூடியோரம் வழிவதையும் அப்போதே துடைத்துவிடுங்கள்.

*

வாட்டர் சர்வீஸ். பையன் துப்பாக்கியைத் தூக்கியதும் சொல்லிவிட வேண்டும்: “தம்பி, ஸ்டிக்கர் வண்டி, ஓரத்துல அடிக்காதப்பா.” “தெரியும்ணே” என்பான். பக்கத்திலேயே நில்லுங்கள்.

3எம் கம்பெனி தன் படலங்களுக்குச் சொல்லும் கணக்கு: அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2000 பவுண்டுக்குள், அதாவது சுமார் 138 பார், விரிந்து அடிக்கும் 40 டிகிரி நாசில், குறைந்தது ஓரடி தூரம், சாய்க்காமல் நேராக. சாய்த்து அடித்தால் தண்ணீர் ஓரத்துக்கு அடியில் புகுந்து உரித்துவிடும். அடிப்பாகத்துக்கு டீசல் ஸ்பிரே அடிக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. படலத்தில் பட்டால் பசை இளகும். வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சுழலும் பிரஷ் உள்ள தானியங்கிக் கழுவலும் வேண்டாம்.

*

வெள்ளை வண்டியைக் கறுப்பாக்கினால் ஆர்.சி.யில் நிறத்தையும் மாற்ற வேண்டும். ஸ்டிக்கர்தானே, உரித்துவிடலாமே என்ற வாதம் செக்போஸ்டில் எடுபடாது.

*

நிழல் ஷெட் இல்லாதவர் முழு வண்டிக்கும் ஒட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்தப் பணத்தில் முதலில் தகரக் கொட்டகை போடலாம். ஒட்டித்தான் தீருவேன் என்பவர், காலம் கடந்த படலம் செதில் செதிலாக உரியும், பசை தகட்டிலேயே தங்கும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். பில்லில் படலத்தின் கம்பெனி, தொடர் எண், ஒட்டிய தேதி மூன்றையும் எழுதி வாங்குங்கள். உரிக்க எவ்வளவு கூலி என்று ஒட்டும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.