ஈர்க்கு அளவு

டுரியானைப் பறிக்க மாட்டோம். தானாக விழ வேண்டும். அது விழுவதோ பெரும்பாலும் இராத்திரியில். அதனால் ஜூன், ஜூலை மாதங்களில் தாத்தா வீட்டில் படுத்ததே இல்லை.

புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர். பால்மரம் சீவிச் சேர்த்த காசோடு பாட்டியின் சங்கிலியையும் விற்று வாங்கியது. 1960இல் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டத் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியபோது தாத்தாவும் பங்கு போட்டார்தான். ஆனாலும், "சங்கத்துக் காடு எல்லாருக்கும் பொது. நம்ம புள்ளைங்க கால் வைக்க ஒரு எடம் வேணாமா?" என்பார்.

டுரியான் ஏழு மரம், ஓரத்தில் ரம்புத்தான், இடைவெளியெல்லாம் மரவள்ளி. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிதான் சோறு. சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன அவருடைய அண்ணன் திரும்பவே இல்லை. தாத்தா மரவள்ளியை வாயில் வைக்க மாட்டார். நடுவதை மட்டும் கடைசிவரை நிறுத்தவில்லை.

எட்டு வயதில் என்னையும் காவல் குடிசைக்குக் கூட்டிப்போனார். கொசுவர்த்திப் புகை, அரிக்கேன் விளக்கு. இருட்டில் 'தொப்'பென்று சத்தம். "மூணாவது மரம்" என்பார், கண்ணைத் திறக்காமலே. நான் எழுந்தால் கையைப் பிடித்து இழுப்பார். "இருடா. ஒண்ணு விழுந்தா கூட ஒண்ணு விழும்." விடிந்து பொறுக்கப் போகும்போது என் தலையில் அலுமினியச் சட்டியைக் கவிழ்ப்பார். அவர் தலைக்கு வெறும் துண்டுதான்!

நல்ல பழமெல்லாம் வாங்க வரும் தவுக்கே முதலாளியின் லாரிக்கு. வெடித்ததும் அணில் கடித்ததும் எங்களுக்கு. "அணிலுக்குத் தெரியாத ருசியா?" என்பார். பதினொரு பேரப்பிள்ளைகளும் நம்பினோம். நான் இன்னும் நம்புகிறேன்.

ஜூலை 26, புனித அன்னம்மாள் கோவில் திருவிழா. சிங்கப்பூரிலிருந்தெல்லாம் சனம் வந்து குவியும். எங்கள் தாத்தா முனியாண்டியைக் கும்பிடுகிறவர். ஆனால் அந்தத் தாயை அவர்போல நம்பிக் காத்திருந்தவர் யாருமில்லை. சாலையோரம் கூடையை இறக்கி விற்ற காசில்தான் எங்களுக்குப் பள்ளிச் சப்பாத்து. முதல்நாளே எல்லோர் பாதத்தையும் தென்னை ஈர்க்கால் அளந்து ஒடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொள்வார். யாருடையது எது என்று அடையாளம் கிடையாது. மாறியதுமில்லை.

சப்பாத்து எப்போதும் ஒரு விரல் பெரிதாகவே இருக்கும். அழுவோம்.

"அடுத்த டுரியான் வரைக்கும் தாங்கணும்ல" என்று, முனையில் திணிக்கப் பழைய தமிழ் நேசனைக் கிழித்துக் கொடுப்பார்.