அழ இடம் தேடிய சிறுமி

யப்பானில் 2004 ஆம் ஆண்டு கணினி விளையாட்டாக வெளிவந்த கதை ‘கிளானட்’. கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் 2007 முதல் 2009 வரை அதைச் சித்திரத் தொடராக்கியது. மகளுடன் இருந்து நானும் அதைப் பார்த்தேன்.

நகிசா பிள்ளைப்பேற்றில் இறந்துவிடுகிறாள். கணவன் தொமோயா, குழந்தை உஷியோவை அவளுடைய பெற்றோரிடம் விட்டுவிட்டு ஐந்து வருடங்கள் வேலையே கதியென்று கிடக்கிறான். அழுவதென்றால் மலசலகூடத்தில் அல்லது அப்பாவின் அணைப்பில்தான் அழலாம் என்று அம்மம்மா சொல்லி வளர்த்த பிள்ளை உஷியோ. அப்பா முதன்முதல் வாங்கித்தந்த பொம்மை தொலைந்தபோது, அவன் அணைத்த பிறகே வாய்விட்டு அழுகிறாள். பார்த்தவர் பலரையும் அழவைத்த கட்டம் அது.

தொமோயாவைக் கோபித்தவர்களும் உண்டு. போரில் கணவரை இழந்த எனக்கு அவனது மௌனம் விளங்கியது. பிள்ளை இழந்த ஐந்து வருடங்களும் விளங்கின.

பின்னர் உஷியோவும் நோயால் இறக்கிறாள். ஆனால் முடிவில் அதிசயம் நிகழ்ந்து தாயும் மகளும் உயிரோடிருக்கிறார்கள். இங்குதான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். விளையாட்டில் ஊரவருக்கு உதவி, ஒளிகளைச் சேர்த்தே அந்த முடிவை அடையலாம். தொடரில் அந்த உழைப்பு தெளிவாகத் தெரியாததால் சிலர் ஏமாந்தார்கள், சிலர் ஆறுதலடைந்தார்கள்.

சகோதரிகளே, போனவர்கள் எங்களுக்குத் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் ஒளிந்து அழத் தேவையில்லை. அவர்களுடைய அப்பாவைப் பற்றி வீட்டில் பேசுவோம். அவர்கள் எங்கள் மடியில் அழட்டும்.