பெரிய வெள்ளியன்று பூட்டியிருந்த கதவு



இந்தப் பக்கங்களில் சமையல், பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு, விசா அலுவல் என்று பலரும் பிரயோசனமாக எழுதுகிறார்கள். நாங்கள் எழுதப்போவது வெட்கமான விசயம். எழுதுவோமா விடுவோமா என்று வீட்டில் மூன்று மாதமாகக் கதைத்து, பெயர் போடாமல் எழுதுவதென்று முடிவெடுத்தோம். மெசினுக்கு முன்னால் கதிரையில் இருந்தது எங்களில் ஒருவர்தான். மற்றவர் வீட்டில் பிள்ளையோடு இருந்தார். ஆனாலும் "நாங்கள்" என்றுதான் எழுதுகிறோம். ஏனென்றால் கடன் இரண்டு பேரின் தலையிலும்தான் விழுந்தது.

ஜேர்மனியில் ரூர் பகுதியில் ஒரு பிளாஸ்ரிக் பக்ரறியில் எங்களுக்கு மூன்று சிப்ற் வேலை. நைற் சிப்ற் விடிய ஆறு மணிக்கு முடியும். ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் காசு மெசின்கள் வைத்திருக்கும் கடை ஒன்று இருக்கிறது. இரவு ஒரு மணிக்குப் பூட்டினால் காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள். நாங்கள் களைத்து வருகிற நேரமும் அதுதான். உள்ளே சூடாக இருக்கும், கோப்பி தருவார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பாஷை தெரியாதவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று புதிதாக வந்தவர்களுக்கு விளங்கும். பக்ரறியில் மேற்பார்வையாளர் பேசுவது பாதி விளங்காது, ஒபீசில் கடிதத்தை நீட்டினால் அதுவும் விளங்காது. மெசினுக்கு முன்னால் மட்டும் ஒரு சொல்லும் தேவையில்லை.

2018 இல் ஒரு விடியற்காலை பத்து யூரோ போட்டோம். நூற்று நாற்பது வந்தது. அன்றைக்கு அது வராமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியாத கதையில்லை, சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். முதலில் ஓவர்ரைம் காசு போனது. பிறகு ஊரில் அம்மாவின் கண் ஒப்பரேசனுக்கென்று வைத்திருந்தது போனது. பிறகு ஒரு அக்காவிடம் கட்டிய சீட்டை முன்னுக்கு எடுத்து, அந்த மூவாயிரம் யூரோவையும் இரண்டு கிழமையில் முடித்தோம். அம்மாவுக்குச் "சம்பளம் பிந்துது" என்று சொன்னோம். அக்காவுக்கு "பாங்கில் ஏதோ பிழை" என்றோம்.

இதில் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. அந்தக் காலம் முழுவதும் நாங்கள் செபம் செய்துகொண்டுதான் இருந்தோம். ஞாயிறு பூசை தவறவில்லை. மெசினுக்கு முன்னால் இருந்துகொண்டும் செபித்தோம். "மாதாவே, இந்த ஒருமுறை விட்டதைத் திருப்பித் தாரும், இனி இந்தப் பக்கம் வரமாட்டோம், மடுவுக்கு மெழுகுதிரி நேர்ந்து வைக்கிறோம்" என்று கேட்டிருக்கிறோம். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. கடவுளையே கூட்டாளியாகச் சேர்த்துச் சூதாடப் பார்த்திருக்கிறோம்!

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாக் கடைகளோடு அதுவும் பூட்டப்பட்டது. ஒரு மாதம் போகவில்லை, மனம் லேசானது. ஆண்டவர் விடுதலை தந்துவிட்டார் என்று செபக் கூட்டத்தில் சாட்சி சொல்லாத குறைதான். கடை திறந்தது, நாங்களும் போனோம். அந்த ஆண்டு கடைசியில் மறுபடி பூட்டி அடுத்த ஆண்டு கோடையை ஒட்டித் திறந்தபோதும் அதே கதை. பூட்டியிருந்த கதவைப் பார்த்து நாங்கள் திருந்திவிட்டதாக நினைத்திருக்கிறோம்.

2022 ஏப்ரல் 15, பெரிய வெள்ளி. அன்று வேலை இல்லை. மூன்று மணிக்குச் சிலுவைப்பாதை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மற்றவர் முன்னுக்குப் போய்விட்டார். ஸ்ரேசன் வழியாகப் போகத் தேவையே இல்லை, ஆனால் கால் அந்தப் பக்கம் போனது. கையும் கதவைப் பிடித்து இழுத்தது. பூட்டு. பெரிய வெள்ளியில் இங்கே அந்தக் கடைகள் திறக்கக் கூடாதென்பது சட்டம், அது எங்களுக்கு நினைவில் இல்லை. கதவு திறக்காதபோது வந்தது வெட்கமில்லை, கோபம். ஆண்டவர் மரித்த நாளில், அவர் மரித்த மணிக்கு, சூதுக்கடை பூட்டியிருக்கிறதென்று கோபம்! அந்தக் கோபத்தை நாங்களே கண்டபோதுதான் கால் நடுங்கியது.

அன்று பின்னேரம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னோம். சொன்னவர் அழுதார். கேட்டவர் அழவில்லை, எழுந்து போய்ச் சோற்றை அடுப்பில் வைத்தார். மூன்று நாள் ஒரு வார்த்தையும் இல்லை. அந்த உயிர்த்த ஞாயிறு எங்கள் வீட்டில் எப்படிப் போனதென்று எழுத மனமில்லை.

மாதத்தில் ஒருமுறை தமிழ்ப் பூசைக்கு வரும் பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தோம். மன்னிப்புத் தந்துவிட்டு, "தம்பி, விரும்பினால் வெளியில வந்தும் கதையும்" என்றார். வெளியில் கோப்பி குடித்துக்கொண்டு அவர் சொன்னது வேறு மாதிரி இருந்தது.

"செபமாலை சொல்லும். ஆனால் செபமாலையோட கரித்தாஸ் ஒபீசுக்கும் போம். பல்லு வலிச்சால் பல் டொக்டரிட்டப் போறீர்தானே?"

எங்களுக்கு அது பிடிக்கவில்லை. விசுவாசம் போதாதென்று சொல்கிறாரோ என்று மனம் நொந்தது. அதைவிடப் பெரிய பயம் விசா. ஒபீசில் சொன்னால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்விடுமோ என்று நடுங்கினோம். இதே பயத்தில் பேசாமல் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறோம்: அந்த ஆலோசனைக்குக் காசு கேட்பதில்லை, அங்கே நீங்கள் சொல்வதை வெளியில் சொல்லக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. கத்தோலிக்கருடைய கரித்தாசைப் போலவே புரட்டஸ்தாந்து சபைகளுடைய டியாக்கோனியும் இருக்கிறது. எந்தச் சமயத்தவரும் போகலாம். கடனுக்கு வேறாக ஆலோசனை தருகிறார்கள்.

அங்கிருந்த பெண்மணிதான் ஒயாசிஸ் என்ற பதிவைப் பற்றிச் சொன்னார். 2021 ஜூலை முதல் ஜேர்மனி முழுவதற்கும் உள்ள ஏற்பாடு அது. ஒருவர் தன்னைத் தானே தடை செய்யும்படி எழுதிக் கொடுத்தால், விளையாட்டுக்கடையிலும் பந்தயக்கடையிலும் அடையாள அட்டையைப் பதிவில் பார்த்துவிட்டு உள்ளே விடமாட்டார்கள். குறைந்தது மூன்று மாதம். காலம் முடிந்தாலும் தானாக நீங்காது, நீங்களே எழுதிக் கேட்க வேண்டும். வீட்டுக்காரரும் காரணம் காட்டி விண்ணப்பிக்கலாம். நாங்கள் இருவரும் ஒரே மேசையில் இருந்து அந்தப் படிவத்தை நிரப்பினோம். சம்பளம் மற்றவரின் கணக்குக்கு மாறியது. கையில் கிழமைக்கு இருபது யூரோ. கல்யாணம் கட்டிய ஆம்பிளைக்கு இது பெரிய அவமானம் என்று முதல் மாதம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்ததும் உண்மை.

அத்தோடு முடிந்ததென்று நினைக்காதீர்கள். அந்த ஆண்டு கார்த்திகையில் ஒரு சாமத்தியச் சடங்கு. சாப்பாடு முடிந்து மண்டபத்தின் பின் அறையில் காசுக்குச் சீட்டு விளையாடினார்கள். அங்கே அடையாள அட்டை கேட்க ஒருவரும் இல்லை. "வாடா மச்சான், ஒரு கை குறையுது." மொய்க்கென்று கொண்டுபோன நூறு யூரோவில் எண்பது போனது. மிச்சம் இருபதை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்த இரவு இனிச் செபிக்க முகம் இல்லை என்று இருந்தது. நாங்கள் கடற்கரை ஊர்ச் சனம், அதனால் இராயப்பரை எங்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்றுமுறை மறுதலித்தவர். யூதாசும் அதே இரவில்தான் விழுந்தான். யூதாஸ் காசை எறிந்துவிட்டுத் தனியப் போனான். இராயப்பர் மற்றச் சீடரோடேயே இருந்தார், பிறகு மீன் பிடிக்கவும் போனார். விடியக் கரையில் ஆண்டவர் நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருந்தார். முதலில் சாப்பாடு கொடுத்தார், அதற்குப் பிறகுதான் கேள்வி கேட்டார். யோவான் 21ஆம் அதிகாரத்தைச் சின்ன வயதில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். சாப்பாடு முதலில் வந்ததை அந்த இரவில்தான் கவனித்தோம். எழுந்து போய் எண்பது யூரோவையும் வீட்டில் சொன்னோம். முந்தி நான்கு வருசம் மறைத்தோம், இந்தமுறை நான்கு மணித்தியாலம்.

வீட்டில் இருந்தவருக்கும் ஒரு சோதனை இருந்தது. ஒவ்வொரு நாளும் சட்டைப் பையைத் தடவுவது, போனைத் திறந்து பார்ப்பது, ஐந்து நிமிடம் பிந்தினால் நெஞ்சு படபடப்பது. அதோடு, சண்டை வரும்போதெல்லாம் "மெசின்" என்ற சொல்லை எடுத்து எறிய வேண்டும் போல நாக்கு துடிப்பது. அதற்கு ஒயாசிஸ் இல்லை. அதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதாக அவர் எழுதச் சொல்கிறார், எழுதியிருக்கிறோம்.

ஆவணியில் கேவலார் மாதாவிடம் தமிழ்ச் சனம் திரளுகிற யாத்திரைக்கு 2023 இல் போனோம். சைவச் சனமும் நிறைய வரும். அந்தக் கோயிலின் கதையைக் கேட்டுப் பாருங்கள். ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற ஒரு ஏழை யாவாரிக்கு இந்த இடத்தில் ஒரு சிறு ஆலயம் கட்டு என்று மூன்றுமுறை குரல் கேட்டதாம். கையில் காசில்லை. அன்றன்றைய உழைப்பில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து, 1642 இல் கட்டி முடித்தார். உள்ளே இருப்பது பெரிய சுரூபமில்லை, சின்னக் கடதாசிப் படம். நாங்கள் ஒரே அடியில் எல்லாவற்றையும் மீட்கப் பார்த்த ஆட்கள். அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றோம். நேர்த்தி ஒன்றும் வைக்கவில்லை.

இப்போதும் நைற் முடிந்தால் ஸ்ரேசன் பக்கம் நடப்பதில்லை, சுற்றிப் போகும் பஸ்ஸில் வருகிறோம். பதினைந்து நிமிடம் கூட எடுக்கும். அதற்குள் ஒரு பத்து மணி செபமாலை முடியும். சில நாள் நித்திரையாகி முடியாமலும் போகும். ஆசை போய்விட்டதா என்று கேட்டால் போகவில்லை. சம்பள நாளில் வரும், மழை நாளில் வரும். வந்தால் வீட்டுக்குப் போன் எடுக்கிறோம். "வருது" என்று ஒரு சொல். மறுபக்கத்தில் "சரி, தேத்தண்ணி வைக்கிறன்" என்று பதில் வரும். வேறொன்றும் கதைப்பதில்லை.

சீட்டு அக்காவுக்கு மாதம் நூறாகக் கொடுத்துவருகிறோம். இன்னும் அறுநூறு இருக்கிறது. இரண்டு வருசம் எங்களோடு கதைக்காமல் இருந்தவர், போன மாதம் காசை வாங்க வாசலுக்கு வந்து, மழை என்று உள்ளே வந்து இருந்து, பிள்ளையின் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "எழுத்து வடிவாய் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.